ரியாக்டிவ் பிளாக் பென்டோனைட்டில் ஒட்டவே மாட்டேங்குது, மெத்திலீன் நீலம் மட்டும் எப்படிப் போகுது?

பட்டறை_லேப்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல காட்டன் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடுற யூனிட். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தண்ணி போறதுக்கு முன்னாடியே நிறத்தைக் கொஞ்சம் இறக்கிட முடியுமான்னு பென்டோனைட் களிமண்ணை வச்சு லேப்ல பார்த்துட்டிருக்கோம். விலை குறைவு, மூட்டைக் கணக்குல கிடைக்குது, அதனாலதான் இது.

செய்முறை இதுதான். லிட்டருக்கு 2 கிராம் பென்டோனைட், வியாபாரி கொடுத்த பவுடர் அப்படியே. 1 மணி நேரம் ஸ்டிரர்ல கலக்கி, சாதாரண ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டினோம்.

மெத்திலீன் நீலம் லிட்டருக்கு 50 மில்லிகிராம், டிஸ்டில்டு வாட்டர்ல: அஞ்சு நிமிஷத்துல தண்ணி வெளுத்துடுச்சு.

ரியாக்டிவ் பிளாக் 5 பவுடர், அதே 50 மில்லிகிராம், டிஸ்டில்டு வாட்டர்ல: நிறம் துளியும் குறையல. மண்ணும் ராத்திரி முழுக்க வச்சும் படியல, கலங்கலாவே நிக்குது.

மெஷின்ல இருந்து வடிச்ச பாத் தண்ணி (துணிக்குச் சாயம் போட்ட தண்ணி), 10 மடங்கு நீர்த்தது: நிறம் போகல. ஆனா மண் அரை மணி நேரத்துல அழகா படிஞ்சுடுது.

மண்ணை 10 கிராம் வரைக்கும் ஏத்திப் பார்த்தாச்சு, வித்தியாசம் இல்லை. மண் சரியில்லையா, முறை சரியில்லையா? வேற களிமண் வாங்கணுமா, இல்ல இதையே ஏதாவது பண்ணி மாத்த முடியுமா?

---

அடுக்குமண்:

மண்ணும் சரிதான், முறையும் பெரும்பாலும் சரிதான். சாயத்தின் மின்சுமைதான் விஷயம்.

பென்டோனைட்டில் வேலை செய்வது மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம். மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகட்டுக்குள் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தகடு முழுவதும் நிரந்தர எதிர்மின் சுமை. அதை ஈடுகட்டத் தகடுகளுக்கு இடையே சோடியம் அல்லது கால்சியம் அயனிகள் இருக்கும். மெத்திலீன் நீலம் நேர்மின் சுமையுள்ள பேசிக் சாயம். சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது வெறும் பரப்பில் ஒட்டுவது இல்லை, அயனிப் பரிமாற்றம். அதனால்தான் நிமிடக் கணக்கில் முடிகிறது.

எவ்வளவு பிடிக்கும் என்பதையும் கணக்குப் போடலாம். நல்ல பென்டோனைட்டின் அயனிப் பரிமாற்றத் திறன் 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லிஈக்விவலன்ட் (ஒற்றைச் சுமையுள்ள அயனிக்கு அதுவே மில்லிமோல்). 80 என்றே வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 0.8 மில்லிமோல், மெத்திலீன் நீலத்தின் மூலக்கூறு எடை சுமார் 320, ஆக கிராமுக்கு 256 மில்லிகிராம். நீங்கள் கொடுத்தது லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம், 2 கிராம் மண். கிராமுக்கு 25 மில்லிகிராம்தான். மண்ணின் திறனில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் வெளுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ரியாக்டிவ் பிளாக் 5 நேர் எதிர். பவுடராக இருக்கும்போது ஒரு மூலக்கூறில் நான்கு எதிர்மின் தொகுதிகள். சாயமிடும்போது காரத்தில் இரண்டு சல்ஃபேட் முனைகள் கழன்று, துணியோடு வினைபுரியும் வினைல் சல்ஃபோன் ஆகும். துணியைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணானதில் இரண்டு சல்ஃபோனேட் மிச்சமிருக்கும். நான்கானாலும் இரண்டானாலும் எதிர்மின் சுமைதான். எதிர்மின் தகட்டுக்குப் பக்கத்தில் அது வராது. மண்ணை 10 கிராம் இல்லை, 50 கிராம் போட்டாலும் இதே கதை.

மண் படிவதில் பார்த்த வித்தியாசத்துக்கும் இதே மின்சுமைதான் காரணம். டிஸ்டில்டு வாட்டரில் தகடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். பாத் தண்ணீரில் உப்பு அதிகம். உப்பு அந்தத் தள்ளுவிசையை நெருக்கி அமுக்கிவிடுவதால் தகடுகள் கூடிப் படிகின்றன. மெத்திலீன் நீலச் சோதனையில் சாயமே தகட்டின் சுமையில் ஒரு பகுதியைத் தீர்த்துவிடுகிறது, அங்கும் வடிகட்டுவது சுலபமாக இருந்திருக்கும்.

வேறு களிமண் வாங்குவதால் இது மாறாது. கேயோலின் வாங்கினால் பரிமாற்றத் திறன் 3 முதல் 15-க்குள்தான், பேசிக் சாயத்தைக்கூடச் சரியாகப் பிடிக்காது. முல்தானி மிட்டியும் கரிசல் மண்ணும் மான்ட்மோரிலோனைட் வகையைக் கொண்டவை, ஆனால் அவற்றின் சுமையும் எதிர்மின்தான்.

ஒரு வேண்டுகோள். "களிமண் சாயத்தை 99% நீக்கும்" என்று படிக்கும்போது எந்தச் சாயம் என்று முதலில் பாருங்கள். மெத்திலீன் நீலமோ கிரிஸ்டல் வயலட்டோ என்றால் அந்த எண்ணை அக்ரிலிக் நூல் சாயத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். காட்டன் பட்டறைக்கு அதை வைத்து ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

---

ஸ்பெக்ட்ரோ_கோவை:

மேலே சொன்னதோடு அளவீட்டுப் பக்கம் சிலதைச் சேர்க்கிறேன், இதில் தப்பான எண் வருவது ரொம்பச் சுலபம்.

மெத்திலீன் நீலம் செல்லுலோஸ் ஃபில்டர் பேப்பரில் ஒட்டும், கண்ணாடியிலும் ஒட்டும். வடிகட்டிய தாளின் ஓரம் நீலமாக இருந்தால் அந்த நிறத்தை மண் எடுக்கவில்லை, தாள் எடுத்தது. சென்ட்ரிஃப்யூஜில் 4000 ஆர்பிஎம்மில் 15 நிமிடம் சுற்றித் தெளிந்ததை எடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு வெறும் சோதனை வையுங்கள்: மண் இல்லாமல் சாயம் மட்டும், சாயம் இல்லாமல் மண் மட்டும். முதலாவது பாத்திரம் எவ்வளவு குடிக்கிறது என்று சொல்லும், இரண்டாவது கலங்கல் எவ்வளவு என்று சொல்லும்.

சாயம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கும்போது, மெத்திலீன் நீலத்தை 664 நானோமீட்டரில் படிக்கிறோம். லிட்டருக்கு 4 - 5 மில்லிகிராமுக்கு மேல் செறிவுக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள நேர்கோடு வளையத் தொடங்கும், அதனால் 50 மில்லிகிராம் கரைசலை 10 மடங்குக்குக் குறையாமல் நீர்த்துத்தான் படிக்க வேண்டும். ரியாக்டிவ் பிளாக் 5-க்கு 597. இரண்டுக்கும் 800-இலும் ஒரு அளவு எடுங்கள். அங்கே சாயம் ஒளியை எடுக்காது, ஏதாவது காட்டினால் அது மிதக்கும் மண். கண்ணுக்குத் தெரியாத நுண்மண் மிச்சமிருந்து, அதில் மெத்திலீன் நீலம் ஒட்டியிருந்தால் உச்சமே 664-ஐ விட்டுக் குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்துவிடும். அதனால் ஒரே புள்ளியில் படிக்காமல் முழு ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள்.

ரியாக்டிவ் சாயப் பவுடரைக் கரைத்துச் சோதிப்பதும் முழுச் சரியில்லை. கழிவுநீரில் இருப்பது நீராற்பகுத்த (தண்ணீரோடு வினைபுரிந்து வீணான) சாயம். பவுடர் கரைசலில் சோடா (சோடா சாம்பல், அதாவது சோடியம் கார்பனேட்) போட்டு பிஎச் 11-க்கு ஏற்றி, 80 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, ஆறவைத்து, பிஎச்சைச் சரிசெய்து பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் முடிவு வேறு வேறாக வரும்.

பென்டோனைட் மூட்டையை நம்புவதற்கு முன் இரண்டு சோதனை. முதலாவது உப்புதல்: 100 மில்லி சிலிண்டரில் தண்ணீர், அதில் 2 கிராம் பவுடரைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி (ஒரு சிட்டிகை மூழ்கிய பிறகே அடுத்தது), 24 மணி நேரம் கழித்து எத்தனை மில்லி உப்பியிருக்கிறது என்று பாருங்கள். நல்ல சோடியம் வகை 24 மில்லியைத் தாண்டும், கால்சியம் வகை அதில் பாதிகூட வராது. கால்சியம் மண்ணில் சோடா கலந்து சோடியம் வகையாக்கி விற்பதும் உண்டு. அந்தப் பவுடர் தண்ணீரின் பிஎச்சைத் தானாகவே 10 பக்கம் கொண்டுபோகும்.

இரண்டாவது மெத்திலீன் நீலப் புள்ளிச் சோதனை. 2 கிராம் உலர்ந்த மண், 300 மில்லி தண்ணீர், சல்ஃப்யூரிக் அமிலம் சொட்டி பிஎச் 3 வாக்கில் வையுங்கள். 0.01 நார்மல் மெத்திலீன் நீலத்தை 5 மில்லி 5 மில்லியாக விட்டுக் கலக்கி, கண்ணாடிக் கம்பியால் ஒரு சொட்டு எடுத்து ஃபில்டர் பேப்பரில் வையுங்கள். நடுவில் கருநீலப் புள்ளி, சுற்றிலும் நிறமற்ற ஈரம். மண் நிறைந்ததும் அந்த ஈரத்தில் வெளிர்நீல வளையம் தோன்றும். தோன்றியவுடன் முடித்துவிடாமல் இன்னும் 2 நிமிடம் கலக்கி மறுபடி சொட்டு வையுங்கள். வளையம் மறைந்தால் இன்னும் முடியவில்லை. 160 மில்லி செலவானால் 0.01 × 160 ÷ 2 × 100, அதாவது 100 கிராமுக்கு 80. பாட்டிலில் உள்ள சாயம் 3 நீர் மூலக்கூறு கொண்டதா என்று லேபிளைப் பாருங்கள்: அப்படியானால் லிட்டருக்கு 3.74 கிராம், நீரற்றது என்றால் 3.20 கிராம்.

---

பட்டறை_லேப்:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். புள்ளிச் சோதனை பார்த்தாச்சு, 80-க்குப் பக்கத்துல வருது. அப்ப மண்ணோட சுமையையே மாத்தினா ரியாக்டிவ் ஒட்டுமா? அமிலத்துல வேக வைக்கிறது, சிடேப் ஏத்துறது, ஹைட்ரோடால்சைட்னு மூணு வழி சொல்றாங்க. எதுல இறங்கலாம்?

---

அடுக்குமண்:

மூன்றையும் பார்ப்போம். உங்கள் தண்ணீருக்கு மூன்றிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமிலம்: மண்ணை 80 - 90 டிகிரியில் சில மணி நேரம் சல்ஃப்யூரிக் அல்லது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்தால் தகட்டுக்குள் இருக்கும் மெக்னீசியம், இரும்பு, அலுமினியத்தில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும், நுண்துளையும் பரப்பும் கூடும். சமையல் எண்ணெயை வெளுக்கும் ஆலைகள் இந்த மண்ணைத்தான் வாங்குகின்றன. ரியாக்டிவ் சாயம் இதில் ஒட்ட வேண்டுமென்றால் தகட்டின் விளிம்புகள் நேர்மின் சுமை பெற வேண்டும். அதற்குக் கழிவுநீர் பிஎச் 2 - 3 வரை இறங்க வேண்டும். பாத்தில் லிட்டருக்கு 20 கிராம் சோடா போட்டிருந்தால், அதைத் தீர்க்க மட்டுமே லிட்டருக்குச் சுமார் 18.5 கிராம் சல்ஃப்யூரிக் அமிலம். ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் நாலரை லிட்டர் கரியமில வாயு நுரைத்துக் கிளம்பும். சோடா இருந்த இடத்தில் 27 கிராம் சோடியம் சல்ஃபேட் நிற்கும். நிறத்துக்காக உப்பை ஏற்றுகிற வழி இது, விட்டுவிடுங்கள்.

சிடேப்: நீண்ட வால் கொண்ட நேர்மின் சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்). சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தகடுகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். இது உண்மையிலேயே வேலை செய்கிறது. 10 கிராம் மண்ணை 500 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் ஒரு நாள் ஊறக் கலக்குங்கள். பரிமாற்றத் திறன் 80 என்றால் 10 கிராமுக்கு 8 மில்லிமோல், சிடேப் எடை 364.5, ஆக 2.9 கிராம். அதை 100 மில்லி வெந்நீரில் கரைத்து (குளிர்ந்த நீரில் கரையாமல் படிகமாக நிற்கும்) மெதுவாக ஊற்றி, 60 டிகிரியில் 4 மணி நேரம் கலக்குங்கள். ஊற்றும்போதே மண் திரிந்து தயிர்க்கட்டி போல் பிரிவது தெரியும். வடிகட்டி, கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டினாலும் கலங்காமல் நிற்கும் வரை கழுவுங்கள். கழுவுவதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். போர் தண்ணீரின் குளோரைடே வெள்ளையாகக் கலங்கும், எத்தனை முறை கழுவினாலும் முடிவு தெரியாது. 60 டிகிரியில் உலர்த்தி, அரைத்து, 75 மைக்ரான் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சரியாக வந்திருந்தால் பவுடர் தண்ணீரில் நனையாமல் மேலே மிதக்கும்.

இதில் ஒரு இழுபறி இருக்கிறது. திறனுக்குச் சரியாக 100% சிடேப் ஏற்றினால் தகட்டின் சுமை பெரும்பாலும் தீரும், அவ்வளவுதான். பரப்பு நன்றாக நேர்மின் ஆகி எதிர்மின் சாயத்தை இழுக்க வேண்டுமென்றால் அதற்கு மேலும் ஏற்றி இரண்டாவது அடுக்கு உண்டாக்க வேண்டும். அந்த இரண்டாவது அடுக்கு வாலோடு வால் பிடித்துத்தான் நிற்கிறது, தண்ணீரில் மெல்லக் கழன்று வரும். கழன்ற சிடேப் பாக்டீரியாவைக் கொல்லும், ஆர்.ஓ. மெம்பரேனில் ஒட்டிக்கொள்ளும். பயாலஜிக்கல் தொட்டிக்கும் ஆர்.ஓ.வுக்கும் முன்னால் இதை வைப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

ஹைட்ரோடால்சைட்: இது நிஜமாகவே நேர்மின் தகடு. மெக்னீசியம் - அலுமினியம் ஹைட்ராக்சைடு அடுக்குகள், நடுவே எதிர்மின் அயனிகள். 450 - 500 டிகிரியில் சுட்டுத் தண்ணீரில் போட்டால் பழைய அடுக்கமைப்பை மீட்டுக்கொள்ளும்போது சாயத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தூய சாயக் கரைசலில் அருமையான எண்கள் வரும். ஆனால் இந்தக் கனிமத்துக்கு மிகப் பிடித்த அயனி கார்பனேட். உங்கள் தண்ணீர் சோடா சாம்பல் கரைசல். சாயத்துக்கு முன் கார்பனேட் போய் உட்கார்ந்துகொள்ளும்.

---

ஜார்_டெஸ்ட்:

ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) பக்கத்துல இருந்து சொல்றேன்ங்க. மாத்தின மண் லேப்ல வேலை செஞ்சாலும் ஸ்லட்ஜ் (கடைசியில மிஞ்சுற கழிவுச் சேறு) கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. தண்ணியில சாயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம், மண் கிராமுக்கு 50 மில்லிகிராம் பிடிக்குதுன்னு வைங்க. லிட்டருக்கு 4 கிராம் மண் வேணும். நாளைக்கு 1 லட்சம் லிட்டர்னா 400 கிலோ. ஃபில்டர் பிரஸ்ல மூணுல ஒரு பங்கு திடப்பொருள் வந்தா ஈரக் கேக்கா 1.2 டன். தினமும். அதை வைக்க இடம், அனுப்பச் செலவு, எல்லாம் உங்க தலையில.

அதனால மண்ணைச் சாயம் பிடிக்கிற பொருளா நினைக்காம, உறைபொருளுக்கு (சாயத்தைத் துகளா திரட்டுற பொருள்) துணையா நினைச்சுப் பாருங்க. சாயத்தைப் பிடிக்கிற வேலையை நேர்மின் பாலிமரோ பாலிஅலுமினியம் குளோரைடோ செய்யட்டும். அப்படி உண்டாகிற துகள் லேசா, பஞ்சு மாதிரி மிதக்கும், கிளாரிஃபையர்ல (துகளைப் படிய வைக்கிற தொட்டி) நிக்காது. பென்டோனைட் போட்டா துகளுக்கு எடை கிடைக்குது, மிஞ்சின பாலிமரையும் அதோட எதிர்மின் தகடு பிடிச்சுக்குது. இயற்கை மண்ணை மாத்தாமலே, அதோட எதிர்மின் சுமையை இங்க பிரயோஜனமாக்கிக்கலாம்.

ஜார் டெஸ்ட் (பீக்கர்ல வேற வேற டோஸ் போட்டுப் பார்க்கிற சோதனை) இப்படி வைங்க. பென்டோனைட் 50 கிராமை 1 லிட்டர் தண்ணியில முந்தின நாளே ஊற வைங்க. 1 மில்லியில 50 மில்லிகிராம் இருக்கும். பாலிடாட்மேக் (நேர்மின் பாலிமர்) 1% கரைசல், 1 மில்லியில 10 மில்லிகிராம். கேன்ல வர்றது 40% சரக்கா 20% சரக்கான்னு பார்த்து, உள்ள இருக்கிற பாலிமர் கணக்குல 1% பண்ணுங்க.

6 பீக்கர், ஒவ்வொண்ணுலயும் 1 லிட்டர் சமன்படுத்தின (தொட்டியில ஒண்ணா கலந்து நின்ன) கழிவுநீர், பிஎச் 7 - 7.5. பாலிடாட்மேக் 2, 4, 6, 8, 10, 15 மில்லி. 150 ஆர்பிஎம்ல 2 நிமிஷம். இப்ப ஒவ்வொண்ணுலயும் பென்டோனைட் 6 மில்லி (300 மில்லிகிராம்), இன்னொரு 1 நிமிஷம் அதே வேகம். அப்புறம் 30 ஆர்பிஎம்ல 15 நிமிஷம், 30 நிமிஷம் படிய விடுங்க. மேல தெளிஞ்சதை 2 செ.மீ. ஆழத்துல பிப்பெட்ல எடுத்து நிறம் பாருங்க.

வரிசை முக்கியம். மண்ணை முதல்ல போட்டா பாலிமர் நேரா மண்ணுல போய் ஒட்டிக்கும், சாயம் அப்படியே நிக்கும். நிறையப் பேர் "வேலை செய்யல"ன்னு சொல்றது இதனாலதான். பாலிமர் கூடிப்போனாலும் சிக்கல்: 8 மில்லியில தெளிஞ்சது 15 மில்லியில மறுபடி கலங்கும், ஏன்னா துகள் எல்லாம் நேர்மின் ஆகி ஒண்ணையொண்ணு தள்ளும். தெளிவு ஆரம்பிக்கிற இடத்துல நில்லுங்க, தாண்டாதீங்க. மிஞ்சின பாலிமர் ஆர்.ஓ. மெம்பரேனுக்கு ஆகாது. தெளிஞ்ச தண்ணியில 1 சொட்டு ரியாக்டிவ் சாயக் கரைசல் விட்டுப் பாருங்க, இழை இழையா திரிஞ்சா பாலிமர் மிஞ்சியிருக்கு.

ஷேடு மாறினா டோஸ் மாறும். கறுப்பு ஓடுற நாளும் டர்காய்ஸ் ஓடுற நாளும் ஒண்ணில்ல. சமன்படுத்தும் தொட்டியில ஒரு நாள் தண்ணியாவது நிக்கலைன்னா எந்த டோஸும் நிலைக்காது.

நுண்மண் கிளாரிஃபையரைத் தாண்டி வந்துட்டா ஆர்.ஓ.க்கு முன்னாடி எஸ்டிஐ (தண்ணி மெம்பரேனை எவ்வளவு அடைக்கும்னு காட்டுற எண்) 5-ஐத் தாண்டிடும். மணல் வடிகட்டியும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷனும் இருந்தா மட்டும் மண்ணைத் தொடுங்க. பென்டோனைட்டைக் காலம்ல நிரப்பி ஓட்டலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்: ஈரம் பட்டதும் உப்பி அடைச்சுக்கும், தண்ணி இறங்காது.

இது எதுவும் உப்பை எடுக்காதுங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் நம்ம சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நிறத்துக்காக மட்டுமில்ல, நொய்யல்லயும் கிணறுகள்லயும் ஏறின உப்புக்காகவும்தான். தண்ணி வெளுத்து நின்னாலும் டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு அளவு) மீட்டரை வச்சா முன்ன இருந்த எண்ணுதான் வரும். ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் அப்படியே வேணும். மண் வழியா நிறம் குறைஞ்சா அதுங்களோட பாரம் கொஞ்சம் குறையும், பிரைனை (மிஞ்சுற உப்புத்தண்ணி) திரும்பச் சாயத்துக்கு எடுக்கிறப்ப நிறம் தொந்தரவு பண்ணாது. எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான்.

---

பட்டறை_லேப்:

வரிசை மாத்திப் போடணும்ங்கிறது தெளிவாச்சு, நாளைக்கே 6 பீக்கர் வச்சுடறோம். கடைசியா ஒண்ணு: அந்த ஸ்லட்ஜ் களிமண்தானே, செங்கல் சூளைக்குக் கொடுத்துடலாமா?

---

ஜார்_டெஸ்ட்:

நேரா கொடுக்கக் கூடாதுங்க. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறப்ப வர்ற கெமிக்கல் ஸ்லட்ஜ் 2016 அபாயகரக் கழிவு விதிகள்ல முதல் அட்டவணையிலயே இருக்கு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி பெற்ற இடத்துக்குத்தான், மேனிஃபெஸ்டோட (கழிவு கூடவே போற பதிவுச் சீட்டு) போகணும். சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்புறது ஒரு நடைமுறை வழி. ஆனா கேக்ல குளோரைடு அதிகம் இருந்தா அவங்க எடுக்க மாட்டாங்க, அதனால பிரஸ்ல இருக்கும்போதே உப்பு குறைஞ்ச தண்ணியில ஒரு தடவை கழுவிடுங்க. கழுவின தண்ணி சமன்படுத்தும் தொட்டிக்கே திரும்பட்டும்.

செங்கல்னு போனாலும் அந்த உப்புதான் இடிக்கும். சுட்ட கல்லுல மழை பட்டதும் வெள்ளையா பூத்து மேல்தோல் உதிரும். டர்காய்ஸ் மாதிரிச் சாயத்துல செம்பும் இருக்கு, அது சூளையில எரிஞ்சு போகாது, சாம்பல்லயும் கல்லுலயும் நிக்கும். கசிவுச் சோதனை பண்ணி, வாரியத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்கின பிறகுதான் அந்தப் பேச்சையே எடுக்கணும். அதுவரைக்கும் கேக்கை மூடின ஷெட்ல, மழைத்தண்ணி படாம, சிமென்ட் தரையில வைங்க. வடியுற தண்ணிக்கு ஒரு சின்ன குழி எடுத்து அதையும் தொட்டிக்கே பம்ப் பண்ணிடுங்க.